விரல் எடுக்கும் நேரம்

கவுன்டர் ஸ்ட்ரைக் ஆட்டத்தில் ஓடிக்கொண்டே சுட்டால் குண்டு குறியில் விழாது. நிற்க வேண்டும், நின்ற கையோடு சுட வேண்டும். சுவரோரமாக இடப்பக்கம் நகர்ந்து எட்டிப் பார்க்கும் ஆட்டக்காரர், 'ஏ' கீயை விட்டுவிட்டு எதிர்த்திசைக்கான 'டி' கீயை ஒரு தட்டு தட்டுவார். உருவம் சட்டென்று நிற்கும், துப்பாக்கி வெடிக்கும். கவுன்டர் ஸ்ட்ரேஃபிங் என்று ஆட்டக்காரர்கள் சொல்லும் இந்த வித்தையில் எல்லோரும் கவனிப்பது தட்டுகிற விரலைத்தான். ஆனால் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பதில் 'ஏ' கீயிலிருந்து மேலே எழும் விரலுக்கும் சம பங்கு உண்டு. விரல் எழத் தொடங்கிய கணத்துக்கும், கீ விடுபட்டது என்று கணினிக்குத் தெரியும் கணத்துக்கும் நடுவே சிறிது நேரம் வீணாகிறது. கேமிங் கீபோர்டுச் சந்தையில் சில வருடங்களாக நடக்கும் போட்டியின் பெரும்பகுதி இந்தச் சிறிய நேரத்தைச் சுற்றித்தான்.

நல்ல கேமிங் கீபோர்டு வாங்கக் கிளம்புகிறவர் முன்னால் இன்று இரண்டு பாதைகள் பிரிகின்றன. ஒன்று, ஒயர் இல்லாத, மெலிந்த, லோ-புரொஃபைல் வகை. லாஜிடெக் 2019-இல் கொண்டுவந்த ஜி915 இதற்கு நல்ல உதாரணம். மற்றது, காந்த சுவிட்ச் பொருத்திய, அகலம் சுருங்கிய குட்டி கீபோர்டு. நெதர்லாந்தின் வூட்டிங் நிறுவனம் 2022-இல் வெளியிட்ட 60ஹெச்இ இந்த வகையின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அறிமுகமானபோது ஜி915-இன் விலை 250 டாலர், 60ஹெச்இ-இன் விலை 175 டாலர். இரண்டுமே யோசித்து வாங்க வேண்டிய பொருள்கள்தான். 'எது வேகமானது?' என்று கடையில் கேட்டால் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் குழப்பத்தையே கூட்டும். வேகம் எந்த இடத்தில் உண்டாகிறது, எந்த இடத்தில் தொலைகிறது என்று கேட்டால்தான் விஷயம் தெளியும்.

சாதாரண மெக்கானிக்கல் கீபோர்டிலிருந்து தொடங்கலாம். ஒவ்வொரு கீயின் அடியிலும் ஒரு ஸ்பிரிங், பக்கத்தில் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். கீயை அழுத்தினால் தகடுகள் ஒட்டிக்கொள்ளும், மின்சாரம் பாயும், எழுத்து பதிவாகும். பரவலாகப் புழங்கும் செர்ரி எம்எக்ஸ் ரெட் சுவிட்சில் கீ மொத்தம் 4 மி.மீ. கீழே இறங்கும். பாதி வழியில், 2 மி.மீ. ஆழத்தில், தகடுகள் தொட்டுக்கொள்ளும். பரபரப்பான ஆட்டத்தில் யாரும் பாதியோடு நிறுத்துவதில்லை. விரல் அடிவரை போய் முட்டும். பிறகு விரலை எடுக்கும்போது, அந்த 4 மி.மீ. ஆழத்திலிருந்து 2 மி.மீ. மட்டம்வரை மேலே வந்தால்தான் தகடுகள் பிரியும். அதுவரை கணினியைப் பொறுத்தமட்டில் கீ இன்னும் அழுத்தித்தான் இருக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. உலோகத்தோடு உலோகம் மோதும்போது தகடு ஒரே தடவையில் அடங்காது, துள்ளித் துள்ளித்தான் நிற்கும். ஒரு அழுத்தம் நாலைந்து அழுத்தமாகப் பதிவாகாமல் இருக்க, கீபோர்டுக்குள் இருக்கும் மென்பொருள் சில மில்லி நொடிகள் காத்திருந்து உறுதி செய்துகொள்ளும். பழைய கீபோர்டுகளில் ஒரு எழுத்தைத் தட்டினால் இரண்டாக விழுகிறதே, இந்தத் துள்ளல் காத்திருப்பையும் மீறிப்போனதன் அடையாளம் அது.

லோ-புரொஃபைல் வகை இந்த அமைப்பை மாற்றவில்லை, உயரத்தைத்தான் வெட்டியது. செர்ரி நிறுவனம் 2018-இல் கொண்டுவந்த லோ-புரொஃபைல் சுவிட்சின் உயரம் 11.9 மி.மீ. அதன் வழக்கமான சுவிட்ச் 18.5 மி.மீ. ஜி915-இல் இருப்பது கைஹுவா என்ற சீன நிறுவனம் செய்த ஜிஎல் சுவிட்ச். கீ மொத்தம் 2.7 மி.மீ. இறங்கும், 1.5 மி.மீ. ஆழத்தில் பதிவாகும். மேலே சொன்ன கணக்கை இங்கே போட்டுப் பார்த்தால், அடியில் முட்டிய விரல் 1.2 மி.மீ. எழுந்தாலே கீ விடுபட்டுவிடும். 2 மி.மீ. தேவைப்பட்ட இடத்தில் 1.2. மெலிந்த உடலை அழகுக்காகச் செய்தது என்று நினைப்பவர்கள் இந்த லாபத்தைக் கவனிப்பதில்லை.

மணிக்கட்டுக்கும் இது நல்லது. ஜி915-இன் உடல் 22 மி.மீ. தடிமன்தான். உயரமான கீபோர்டில் மணிக்கட்டைப் பின்பக்கமாக மடக்கி வைத்தே தட்ட வேண்டும், அல்லது கைக்கு அடியில் ஒரு திண்டு வேண்டும். மெலிந்த கீபோர்டில் கை மேஜையோடு ஏறக்குறைய நேராகவே படுத்திருக்கும். பகல் முழுக்க அலுவலக வேலை தட்டச்சு செய்துவிட்டு இரவில் விளையாட உட்காருகிறவருக்கு, ஒரு மில்லி நொடி மிச்சத்தைவிட இது பெரிய விஷயம்.

ஒயர் இல்லாவிட்டால் தாமதமாகும் என்ற அச்சம் இன்னும் பலரிடம் இருக்கிறது. புளூடூத்தைப் பொறுத்தவரை அந்த அச்சம் நியாயமானது. பேட்டரியைச் சேமிப்பதற்காக அது நிதானமாகவே பேசும். ஆனால் கேமிங் கீபோர்டுகளோடு ஒரு சிறிய யுஎஸ்பி டாங்கிள் வருகிறது. அது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கீபோர்டோடு தனியாகப் பேசி, நொடிக்கு 1000 முறை கணினிக்குச் செய்தி சொல்கிறது. அதாவது மில்லி நொடிக்கு ஒரு முறை. 60ஹெச்இ முதலில் விற்பனைக்கு வந்தபோது, அது தன் ஒயர் வழியாகச் செய்தி சொன்னதும் நொடிக்கு 1000 முறைதான். ஆகவே இந்த இரண்டையும் பிரிப்பது ஒயர் அல்ல, கீக்கு அடியில் இருப்பது.

60ஹெச்இ-இல் அங்கே இருப்பது ஒரு காந்தம். 1879-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த எட்வின் ஹால், மெல்லிய தங்கத் தகட்டில் மின்சாரத்தைப் பாய்ச்சி, அதற்குச் செங்குத்தாகக் காந்தப் புலத்தை வைத்துப் பார்த்தார். தகட்டின் குறுக்கே மிகச் சிறிய மின்னழுத்தம் தோன்றியது. காந்தப் புலம் வலுத்தால் மின்னழுத்தமும் கூடியது. எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்படுவதற்கு 18 ஆண்டுகள் முன்பே நடந்த சோதனை இது. காந்தம் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைத் தொடாமலேயே அளந்து சொல்லும் சென்சார்கள் இந்த ஹால் விளைவிலிருந்து பிறந்தவை.

கீபோர்டில் இதைப் பயன்படுத்துவதும் புதிதல்ல. ஹனிவெல் நிறுவனத்தின் மைக்ரோ சுவிட்ச் பிரிவு 1960-களின் கடைசியிலேயே ஹால் சென்சார் கீபோர்டுகளைத் தயாரித்தது. 1978-இல் எம்ஐடி-யில் லிஸ்ப் மெஷின் கணினிகளுக்காக உருவான புகழ்பெற்ற 'ஸ்பேஸ் கேடட்' கீபோர்டிலும் இதே வகை சுவிட்சுகள்தான். உரசுவதற்குத் தகடு இல்லாததால் தேய்மானம் குறைவு, துள்ளல் கிடையாது. ஆனால் அந்தக் கால ஹால் கீபோர்டுக்கு அழுத்தினதா, இல்லையா என்ற இரண்டு பதில்தான் தெரியும். கீ எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று ஒவ்வொரு கணமும் கேட்டுக்கொண்டிருக்கும் யோசனை பிற்பாடு வந்தது.

அந்த யோசனையின் பலனை 60ஹெச்இ-இன் 'ஏ' கீயை வைத்தே பார்க்கலாம். ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கும் தண்டில் ஒரு குட்டிக் காந்தம். கீழே சர்க்யூட் பலகையில் ஒரு சென்சார். கீ இறங்க இறங்கக் காந்தம் சென்சாரை நெருங்குகிறது, ஆழம் எண்ணாக வந்துகொண்டே இருக்கிறது. எந்த ஆழத்தில் பதிவாக வேண்டும் என்பதை 0.1 மி.மீ. முதல் 4 மி.மீ. வரை விருப்பம்போல் வைத்துக்கொள்ளலாம். விளம்பரங்கள் இதைத்தான் பெரிதாகப் போடுகின்றன. உண்மையான மாற்றம், ரேபிட் டிரிகர் என்று பெயர் வைத்திருக்கும் அடுத்த வசதியில் இருக்கிறது. கீ எந்த மட்டத்தில் இருந்தாலும் சரி, அது மேலே திரும்பத் தொடங்கினாலே விடுபட்டதாகக் கணக்கு. எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதையும் நாமே சொல்லலாம். 0.2 மி.மீ. என்று வைத்தால், அடியில் முட்டிய விரல் 0.2 மி.மீ. தளர்ந்தவுடன் ஆட்டத்தில் உருவம் நகர்வதை நிறுத்திவிடும். மறுபடி 0.2 மி.மீ. அழுத்தினால் மறுபடி நகரும்.

சாதாரண சுவிட்சில் 2 மி.மீ., லோ-புரொஃபைலில் 1.2 மி.மீ., காந்தத்தில் 0.2 மி.மீ. கவுன்டர் ஸ்ட்ரைக், வேலரன்ட் ஆடுகிறவர்கள் ஏன் ஒயரைச் சகித்துக்கொண்டு காந்தப் பக்கம் சாய்ந்தார்கள் என்பதற்கு இந்த மூன்று எண்களே போதும். ஒரே கீயை மூச்சுவிடாமல் தட்ட வேண்டியிருக்கும் 'ஓசு' என்ற தாள ஆட்டக்காரர்களும் இதைக் கொண்டாடியதில் வியப்பில்லை. ஆழத்தை அளக்க முடிவதால் இன்னொன்றும் கிடைக்கிறது. கார் ஓட்டும் ஆட்டத்தில் கீயைப் பாதி அழுத்தினால் பாதி வேகம், முழுதாக அழுத்தினால் முழு வேகம்.

இந்தப் போட்டி ஒரு கட்டத்தில் எல்லை தாண்டியது. 2024 ஜூலையில் ரேசர் நிறுவனம் தன் ஹன்ட்ஸ்மன் வி3 புரோ கீபோர்டுகளுக்கு 'ஸ்னாப் டேப்' என்ற வசதியைக் கொண்டுவந்தது. 'ஏ' கீயை விடாமலேயே 'டி' கீயை அழுத்தினால், கீபோர்டே 'ஏ'வை விட்டதாக அறிவித்துவிடும். வூட்டிங்கும் இதேபோன்ற வசதியைத் தந்தது. ஆட்டக்காரர் பல மாதம் பழகிக் கைவரப்பெறும் வித்தையை மென்பொருள் செய்து கொடுத்தது. அடுத்த மாதமே கவுன்டர் ஸ்ட்ரைக்கை நடத்தும் வால்வ் நிறுவனம், தன் அதிகாரபூர்வ சர்வர்களில் இப்படிப்பட்ட தானியங்கி உதவி தென்பட்டால் ஆட்டத்திலிருந்து வெளியேற்றுவோம் என்று அறிவித்தது. சரியான முடிவு. ரேபிட் டிரிகர் விரலின் அசைவை உள்ளபடி சொல்கிறது. ஸ்னாப் டேப் விரல் செய்யாததைச் செய்ததாகச் சொல்கிறது. புதிதாக வாங்குகிறவர்கள் இந்த வசதியை அணைத்துவிட்டுத்தான் அந்த ஆட்டத்துக்குள் போக வேண்டும்.

குட்டி கீபோர்டோடு குடித்தனம் நடத்துவது வேறு கதை. முழு கீபோர்டில் 104 கீகள், எண்பலகை இல்லாததில் 87, இந்த அறுபது சதவீத வகையில் 61. எஃப் வரிசை இல்லை, அம்புக்குறிகள் இல்லை, டெலிட் இல்லை. இவை எல்லாம் ஃபங்ஷன் கீயோடு சேர்த்து அழுத்தினால்தான் வரும். மவுஸை வீசி ஆட இடம் கிடைக்கும் என்பதால் ஆட்டக்காரருக்கு இது சௌகரியம். எக்செல்லில் கட்டம் கட்டமாக நகர்கிறவருக்கோ தினசரித் தலைவலி. தமிழில் தட்டச்சு செய்கிறவர்கள் மட்டும் கவலைப்பட வேண்டியதில்லை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டிலிருந்து வந்த தமிழ்99 அமைப்பில் ச, ஞ, ந, ய, ழ ஆகியவை அடைப்புக்குறி, அரைப்புள்ளி, மேற்கோள்குறி, சாய்கோடு கீகளில் உட்கார்ந்திருக்கின்றன. அவை அத்தனையும் 61-க்குள் அடங்கிவிடும்.

ஆனால் தட்டச்சில் காந்தத்தின் வேகம் காலை வாரிவிடும். பதிவு ஆழத்தை 0.1 மி.மீ. என்று வைத்துக்கொண்டு கடிதம் எழுதிப் பார்த்தால், கீமேல் ஓய்வாகக் கிடக்கும் விரலெல்லாம் எழுத்தாக விழும்.

மெலிவு, ஒயரின்மை, காந்தம் மூன்றும் ஒன்றாகக் கிடைக்காதா என்ற கேள்வி எழும். தடை பேட்டரியில் இருக்கிறது. தகடு சுவிட்ச் சும்மா இருக்கும்போது ஏறக்குறைய மின்சாரமே எடுப்பதில்லை. ஜி915-இல் விளக்குகளை முழுப் பிரகாசத்தில் எரியவிட்டால் சார்ஜ் 30 மணி நேரம் வரும். அணைத்துவிட்டால் மாதக் கணக்கில் தாங்கும். ஹால் சென்சார் அப்படி அல்ல, அளந்துகொண்டே இருக்க அதற்குத் தொடர்ந்து மின்சாரம் வேண்டும். அறுபது எழுபது கீகளுக்கு அறுபது எழுபது சென்சார்கள். அப்படியிருந்தும் முயற்சிகள் நடக்கின்றன. ஸ்டீல்சீரீஸ் 2022-இலேயே அபெக்ஸ் புரோ மினி ஒயர்லெஸ் என்ற குட்டி காந்த கீபோர்டை ஒயர் இல்லாமல் கொண்டுவந்தது. 2024-இல் கீக்ரான் கே2 ஹெச்இ வந்தது. குறைந்த மின்சாரத்தில் இயங்கும் டிஎம்ஆர் என்ற வேறு வகைக் காந்த சென்சார்களும் கீபோர்டுகளுக்குள் நுழைந்துவிட்டன. பேட்டரித் தடை தளர்ந்துகொண்டுதான் வருகிறது.

நொடிக்கு 8000 முறை செய்தி அனுப்பும் கீபோர்டு என்று பெட்டிமேல் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். 1000 முறை என்றால் இடைவெளி 1 மில்லி நொடி, 8000 முறை என்றால் 0.125. மிச்சம் 0.875 மில்லி நொடி. 144 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் மாறி அடுத்தது வரவே ஏறக்குறைய 7 மில்லி நொடி ஆகிறது.

போட்டி மனப்பான்மையோடு துப்பாக்கி ஆட்டங்களை ஆடுகிறவர், அதிலும் தரவரிசையில் ஏற வேண்டும் என்ற தாகம் உள்ளவர், ஒயரோடு வரும் காந்தக் குட்டியைத் தயங்காமல் எடுக்கலாம். வேலையும் விளையாட்டும் ஒரே மேஜையில் நடக்கும் வீட்டில் லோ-புரொஃபைல் ஒயர்லெஸ்தான் நெடுநாள் துணை. கதை ஆட்டங்கள், வியூக ஆட்டங்கள், கிரிக்கெட் ஆடுகிறவர்களுக்கு ரேபிட் டிரிகரால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

காந்தப் பக்கம் போகிறவர்கள் சுவிட்ச் மாற்றும் ஆசையைக் கொஞ்சம் அடக்க வேண்டும். காந்தத்தின் துருவமும் உயரமும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், ஒன்றின் சுவிட்ச் மற்றொன்றில் சரியாக அளக்காது. தயாரிப்பாளர் தரும் பொருத்தப் பட்டியலைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். லோ-புரொஃபைலிலும் கீ மூடிகள் எல்லாம் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. கீபோர்டு வந்து சேர்ந்ததும் டபிள்யூ, ஏ, எஸ், டி நான்குக்கு மட்டும் பதிவு ஆழத்தைக் குறைத்து ரேபிட் டிரிகரை 0.2 அல்லது 0.3-இல் வைத்துவிட்டு, மற்ற கீகளைப் பழைய 2 மி.மீ. மட்டத்திலேயே விட்டுவைப்பது நல்லது. தட்டச்சுக்குத் தனியாக இன்னொரு புரொஃபைலைச் சேமித்து வைத்துக்கொண்டால் ஆட்டம் முடிந்ததும் ஒரே தட்டில் மாறிக்கொள்ளலாம்.