எண்ணூரும் காஷிமாவும்

எண்ணூர்க் கடற்கரையிலுள்ள காமராஜர் துறைமுகத்திலிருந்து 2010-ஆம் ஆண்டு தொடங்கி வெளிநாடுகளுக்குக் கப்பலேறும் சரக்குகளுள், ஒரகடத்தில் உற்பத்தியாகும் நிஸான் மோட்டார் கார்களும் உண்டு என்பதை வடசென்னைவாசிகள் பலரும் அறிவார்கள். அந்த நிஸான் கம்பெனி தன் சிப்பந்திகளுக்காக 1972-இல் ஒரு கால்பந்தாட்டக் குழுவை அமைத்தது என்பதும், அக்குழுவே பிற்காலத்தில் யோகோஹாமா என்னும் துறைமுக நகரத்தின் பெயரை மார்பில் தரித்துக்கொண்டு இன்று ஜப்பானின் பிரசித்தி பெற்ற தொழில்முறைக் கழகங்களுள் ஒன்றாக விளங்குகிறது என்பதும் நம்மவர்களில் அநேகருக்குத் தெரியாத விஷயங்கள். அந்தச் சரித்திரத்தில் ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் மிகவும் பயன்படக்கூடிய ஒரு செய்தி இருக்கிறது.

ஜப்பானியக் கால்பந்து தொழிற்சாலைகளின் நிழலில் வளர்ந்த ஆட்டம். 1965-இல் எட்டு அணிகளுடன் அந்நாட்டின் முதல் தேசிய லீக் ஆரம்பமானபோது, மின்கம்பி செய்யும் ஃபுருகாவா, கப்பல் கட்டும் மிட்ஸுபிஷி, மின்சாதனங்கள் செய்யும் ஹிட்டாச்சி, பிற்காலத்தில் மாஸ்டா என்று பெயர் மாறிய ஹிரோஷிமாவின் டோயோ கோக்யோ, டீசல் எஞ்சின் செய்யும் யான்மார் என்று கம்பெனிகளின் பெயர்களே அதில் நிறைந்திருந்தன. ஆட்டக்காரர்கள் அந்தந்தக் கம்பெனியின் சம்பளப் பட்டியலில் இருந்த உத்தியோகஸ்தர்கள். வேலையையும் பார்த்துப் பந்தும் ஆடினார்கள். கால்கள் ஓய்ந்த பிறகும் மேஜையும் நாற்காலியும் அவர்களுக்குக் காத்திருந்தன. இந்த ஏற்பாட்டிலிருந்து புறப்பட்ட வீரர்களே 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம் வென்றார்கள். ஆயினும், பக்கத்துத் தெருக்காரனுக்கு அந்த அணியின்மேல் அபிமானம் கொள்ள எந்தக் காரணமும் இல்லாமல் போனதால், மைதானத்தின் படிக்கட்டுகள் வரவர வெறிச்சோடின. ஆகவே 1993-இல் ஆட்டங்களைத் தொடங்கிய ஜே-லீக் என்ற புதிய அமைப்பை ஏற்படுத்தியவர்கள் ஒரு நிபந்தனை விதித்தார்கள்: கம்பெனி பணம் தரலாம், ஆட்களைத் தரலாம், கழகத்தின் பெயர் மட்டும் ஊரின் பெயராகவே இருக்க வேண்டும்.

இந்த நிபந்தனையின் பலனைக் காஷிமாவில் பார்ப்பதுபோல் வேறெங்கும் அவ்வளவு தெளிவாகப் பார்க்க முடியாது. டோக்கியோவுக்குக் கிழக்கே, பஸிபிக் சமுத்திரத்தை நோக்கிக் கிடந்த ஒரு மணற்கரை அது. விவசாயிகளும் மீனவர்களும் வாழ்ந்த அந்தப் பிரதேசத்தில் 1960-களில் மணலைத் தோண்டித் துறைமுகம் ஒன்றை உண்டாக்கினார்கள், அதையொட்டி ஸுமிடோமோ கம்பெனியின் உருக்காலை எழுந்தது, புகைபோக்கிகள் எழுந்தன, பிழைப்புக்காக வந்தவர்கள் குடியேறினார்கள். எண்ணூரைத் தெரிந்தவர்களுக்கு இதை மேலும் விவரிக்க வேண்டியதில்லை. ஒஸாகாவில் 1947-இல் அந்தக் கம்பெனி தொடங்கியிருந்த கால்பந்து அணி, 1975-இல் காஷிமாவுக்கு இடம் மாறியது. பெரும்பாலும் இரண்டாம் பிரிவிலேயே காலந்தள்ளிய சாதாரண அணி. ஜே-லீக்கில் சேர அது விண்ணப்பித்தபோது, ஊரின் ஜனத்தொகை ஐம்பதாயிரத்தைக்கூட எட்டவில்லை. லீக்கின் தலைவராயிருந்த கவாபுச்சி ஸபுரோ, கூரையோடு கூடிய, பதினைந்தாயிரம் பேர் அமரக்கூடிய மைதானத்தை நீங்கள் கட்டினாலொழிய ஆகாத காரியம் என்று ஏறக்குறைய இல்லை என்றே பதில் சொல்லி அனுப்பினார். இபராகி மாகாண நிர்வாகம் அந்த மைதானத்தைக் கட்டியே விட்டது.

இதனிடையில் 1991-இல், பிரேஸிலின் மகோன்னதமான ஆட்டக்காரர்களுள் ஒருவரான ஸீக்கோ, தம் முப்பத்தெட்டாம் பிராயத்தில் அந்த இரண்டாம் பிரிவுக் கம்பெனி அணியில் வந்து சேர்ந்தார். அவர் கோல்கள் மட்டும் போட்டிருந்தால் அந்த ஊர் அவருக்குச் சிலை வைத்திருக்காது. பயிற்சிக்கு நேரத்தில் வருவதிலிருந்து தோற்றபின் நடந்துகொள்வது வரையில், தொழிலாக ஆடுவதென்றால் என்ன என்பதை அந்த உருக்காலைச் சிப்பந்திகளுக்கு அவர் கற்பித்தார். 1993 மே 16-இல் புதிய லீக்கின் தங்கள் முதல் ஆட்டத்திலேயே காஷிமா, நகோயா அணியை 5-0 என்று வென்றது. அவற்றில் மூன்று கோல்கள் ஸீக்கோவுடையவை. அங்குள்ள புராதனக் கோயிலின் புனித மான்களை நினைவூட்டுமாறு ‘மான்கொம்புகள்’ என்னும் பொருளில் ஆண்ட்லர்ஸ் என்று பெயர் சூடிய அக்கழகம், 1996-க்கும் 2016-க்கும் இடையில் எட்டு முறை லீக் பட்டத்தை வென்றது. 2016-இல் உலகக் கழகங்களுக்கான இறுதியாட்டத்தில் ரியல் மாட்ரிட்டை எதிர்த்து 2-1 என்று முன்னிலையும் பெற்று, கூடுதல் நேரத்தில்தான் 4-2 என்று தோற்றது. ஒரு துறைமுகச் சிற்றூரின் பெயர் அன்றைக்கு உலகமெங்கும் உச்சரிக்கப்பட்டது.

இனி நம் கரைக்கு வருவோம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் புறப்பட்ட ராயபுரத்திலிருந்து வடக்கே போகப்போக, தொழிற்சாலைகளின் சரித்திரமே சாலையோரமாக நம்மோடு கூட வருகிறது. திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் 1946-இல் பலூன் செய்யத் தொடங்கியதுதான் இன்றைய எம்.ஆர்.எஃப்.; 1950-களிலிருந்து என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்கள் உருவானதும் அதே ஊரில்தான்; எண்ணூரில் 1948-இல் ஆரம்பமானது இன்றைய அசோக் லேலண்டு. தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயரால் ஒரு குடியிருப்பே விம்கோ நகர் ஆயிற்று. இன்று மெட்ரோ ரயில் நிலையத்தின் பலகையிலும் அந்தப் பெயரே இருக்கிறது. ஜப்பானில் கம்பெனியின் அணி ஊரின் பெயரை ஏற்றுக்கொண்டது. இங்கே ஊரே கம்பெனியின் பெயரை ஏற்றுக்கொண்டது.

நம் நகரத்துக் கால்பந்தும் வெகுகாலமாக உத்தியோகசாலைகளின் கால்பந்தே. பெரம்பூர் ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, சுங்க இலாகா, வருமான வரி அலுவலகம், இந்தியன் வங்கி ஆகிய பெயர்களைச் சென்னை லீக்கின் பட்டியலில் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வந்திருக்கிறோம். இதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த ஒரு ரயில்வே வேலை, ஒரு குடிசையைக் கல்வீடாக்கியிருக்கிறது. தங்கைகளுக்குக் கல்யாணம் நடத்தி வைத்திருக்கிறது. ஆனால் ஐ.சி.எஃப். ஜெயித்தால் ஐ.சி.எஃப்.காரர்கள் சந்தோஷப்பட்டார்கள், காசிமேட்டு மீன் ஏலத்தில் நிற்பவருக்கு அதில் பங்கில்லை.

ஊரின் பெயரில் எழுந்த கழகம் நமக்கு இல்லாமலும் இல்லை. 1946-இல் நேதாஜி விளையாட்டுக் கழகம் என்று தோன்றி, சென்னை லீக்கில் வளர்ந்து, பிறகு சென்னை சிட்டி என்று பெயர் மாற்றிக்கொண்ட கழகம் 2016-17 பருவத்தில் அகில இந்திய ஐ-லீக்கில் நுழைந்தது. பெயரில் சென்னை இருந்தும் அது தன் ஆட்டங்களைக் கோயம்புத்தூர் நேரு மைதானத்தில் நடத்தியது. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸின் பயிற்சியில், பெத்ரோ மான்ஸி என்ற ஸ்பானிய முன்கள வீரர் இருபத்தொரு கோல்கள் போட, 2019 மார்ச் 9-ஆம் தேதி கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வீழ்த்தி, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் பின்தள்ளி அது சாம்பியன் ஆனது. தமிழ்நாட்டுக் கழகம் ஒன்று அந்தப் பட்டத்தை வென்றது அதுவே முதல் தடவை. ஸ்விட்ஸர்லாந்தின் பாஸல் கழகம் அதில் நூற்றுக்கு 26 பங்கை வாங்கியது. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய கழகங்களில் ஆடிய ஜப்பானியர் கட்ஸுமி யூஸாவும் வந்து ஆடினார். 2021-க்குப் பிறகு ஐ-லீக்கில் அதன் பெயரே இல்லை.

இத்தகைய அஸ்தமனம் ஜப்பானிலும் நேர்ந்தது. யோகோஹாமா ஃப்ளூகல்ஸ் என்ற கழகத்தைப் போஷித்த கம்பெனிகள் 1998-இல் பணமுடையால் கைவிட்டு, அதை நிஸானின் கழகத்தோடு இணைத்துவிடுவதென்று தீர்மானித்தன. சாக நாள் குறிக்கப்பட்ட அந்த அணி, அதன்பின் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் ஆடி, 1999 ஜனவரி முதல் தேதி சக்கரவர்த்தியின் கோப்பையை வென்றுவிட்டுக் கலைந்தது. அதன் ரசிகர்கள் வீடு திரும்பி அழுதுகொண்டிருக்கவில்லை. ஆளுக்குக் கொஞ்சமாகப் பணம் திரட்டி, யோகோஹாமா எஃப்.சி. என்று புதிதாக ஒரு கழகத்தைத் தாங்களே ஸ்தாபித்தார்கள். அது இன்றும் ஆடுகிறது. சென்னை சிட்டிக்காக அப்படி யாரும் முன்வராததற்கு நம் ஜனங்களின் பற்றின்மை காரணமென்று நான் ஒருபோதும் ஒப்ப மாட்டேன். பெயரளவில் சென்னையாக இருந்த அணியை, வடசென்னைப் பையன் தன் ஊரில் பஸ் ஏறிப் போய்ப் பார்க்க முடியவில்லை. கண்ணால் பார்க்காத ஒன்றின்மேல் எப்படி உரிமை பாராட்டுவது?

ஆட்டக்காரர்களுக்கோ இங்கே பஞ்சமில்லை. வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்தில், குடிசைப் பகுதிப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தோடும் பந்தோடும் சேர்த்துக் கட்டிவைக்கும் பணி கால் நூற்றாண்டாக நடந்து வருகிறது. அங்கே வளர்ந்த தனபால் கணேஷ், 2018-இல் சென்னையின் எஃப்.சி. இரண்டாம் முறை ஐ.எஸ்.எல். பட்டம் வென்ற பருவத்தில் அதன் நடுக்களத்தில் ஆடியவர். இந்திய அணியின் சட்டையையும் அணிந்தவர்.

சென்ற மாதம் திருவொற்றியூரில் ஒரு சைக்கிள் கடையில் காற்றடிக்க நின்றிருந்தேன். பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன், தோல் உரிந்து வெள்ளை நூல் தெரியும் ஒரு பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான். “அண்ணா, காத்து நிக்க மாட்டேங்குது” என்றான். கடைக்காரர் தையலைப் பிரித்து, பிளாடரை வெளியே இழுத்து, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தை விரலால் கண்டுபிடித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சைக்கிள் டியூபுக்கு ஒட்டுவதுபோலவே ஒரு துண்டு ஒட்டினார். காய்வதற்காகக் காத்திருந்த நேரத்தில், “எந்த டீம்டா நீங்க?” என்று கேட்டார். பையன் தன் தெருவின் பெயரைச் சொன்னான். தலையை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்.

குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் ஈட்டும் கம்பெனிகள், முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டுமென்று 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் விதிக்கிறது. ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கான பயிற்சியும் அப்பணிகளுள் அடங்கும். கால்பந்து ஒலிம்பிக் விளையாட்டே. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையில் துறைமுகமும் தொழிற்சாலையும் நடத்துகிறவர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: ஒருவருக்கொருவர் போட்டியாக ஆளுக்கொரு சிறு கோப்பையை நடத்துவதை விட்டு, அந்தப் பணத்தை ஒன்றுசேர்த்து, மாலையில் விளக்கெரியும் ஒரு மைதானத்தை அமைத்துக் கொடுங்கள்; அதில் பையன்களுக்கும் பெண்களுக்கும் வயதுவாரியாக அணிகளை ஏற்படுத்துங்கள்; உங்கள் பெயரைச் சுற்றுச்சுவரில் எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள்; சட்டையின் மார்பில் மட்டும் ஊரின் பெயரை எழுத விடுங்கள்.