முதுமை ஆராய்ச்சியும் ஏழை மாணாக்கரும்

அமெரிக்காவில் 1946 முதல் 1964 வரை பிறந்தோர் யாவரும் 2030-க்குள் 65 வயதை எட்டிவிடுவர். அங்கே கறுப்பு அமெரிக்க முதியோரை அல்ஸைமர் என்னும் மறதிநோய் வெள்ளையரினும் சுமார் இரு மடங்கு பீடிக்கிறது. எனினும் அந்நோயை ஆராய்வோருள் அச்சமூகத்தார் சொற்பமே. இதற்குப் புத்திக் குறைவு காரணமன்று. விடுமுறையிலும் கூலிவேலை செய்து கலாசாலைச் சம்பளம் கட்டும் மாணாக்கன், ஊதியமின்றி ஆராய்ச்சிச் சாலையில் எங்ஙனம் பழகுவான்?

1974-இல் ஸ்தாபிதமான தேசிய முதுமை ஆராய்ச்சி நிலையம், இத்தகையோருக்கு உபகாரச் சம்பளமும் ஆசான் துணையும் கிடைக்கக் கலாசாலைகளுக்கு மானியம் அளித்து வந்தது. 2025-இல் அமெரிக்கச் சர்க்கார் இவ்விதப் பயிற்சி மானியங்கள் பலவற்றை ரத்து செய்தனர். இது சிக்கனமாகாது. நோயின் பாரத்தைச் சுமக்கும் வீட்டுப் பிள்ளைகள் அதற்கு மருந்து தேட முன்வருகையில் கதவை அடைப்பது நியாயமா? அவ்வுதவியை மீண்டும் அளிப்பதே விவேகம் என்பது நமது திடமான அபிப்பிராயம்.