வீட்டுக்கே வரும் நோய் ஆதரவு சிகிச்சை

"இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்." புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு, பக்கவாதம் என்று நோயாளிகள் உள்ள நம் குடும்பங்கள் பல, இந்தச் சொல்லைக் கேட்டுவிட்டுத்தான் மருத்துவமனையிலிருந்து திரும்புகின்றன. நோய் குணமாகாமல் போகலாம். ஆனால் வலி, மூச்சுத்திணறல், வாந்தி, படுக்கைப்புண் இவற்றைத் தணிக்க வைத்தியம் உண்டு. அதுதான் நோய் ஆதரவு சிகிச்சை. இது கடைசி நாட்களுக்கு மட்டும் உரியதல்ல. நோய் இன்னதென்று தெரிந்த நாளிலிருந்தே மற்ற சிகிச்சையோடு சேர்த்துப் பெறலாம்.

பக்கத்துக் கேரளாவில் 1993-இல் கோழிக்கோட்டில் இதற்கென ஒரு சங்கம் தொடங்கியது. பின்னர் மலப்புறம் போன்ற மாவட்டங்களில் ஊர் மக்களே பயிற்சி பெற்று, காசு திரட்டி, வீடுவீடாகப் போனார்கள். அவர்களில் நம் சமுதாயத்தினரும் ஏராளம்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இந்தச் சேவையும் உண்டு. செவிலியர் வீட்டுக்கு வந்து புண்ணுக்குக் கட்டுப் போடுவார். இயன்முறை மருத்துவர் பயிற்சி தருவார். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளும் வீடு தேடி வரும். கட்டணம் இல்லை. கோட்டைப்பட்டினத்திலோ மீமிசலிலோ படுக்கையில் கிடக்கும் ஒரு பெரியவரைக் கார் பிடித்துப் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோகும் செலவும் அலைச்சலும் நாம் அறியாததல்ல. ஆனாலும் கேட்காத வீட்டுக்கு இந்தச் சேவை பெரும்பாலும் வருவதில்லை. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ பெயர் கொடுங்கள். 104 என்ற எண்ணிலும் விசாரிக்கலாம்.

மார்ஃபின் என்றால் பலருக்கும் பயம். "அது போதை மருந்தாச்சே, ஆகுமானதா?" என்று கேட்கிறார்கள். கடும் வலிக்கு மருத்துவர் அளவிட்டுத் தரும் மருந்து போதைக்காகச் சாப்பிடுவது ஆகாது. மார்க்க ரீதியான ஐயம் இருந்தால் ஆலிமிடம் கேட்டுத் தெளியுங்கள். அதற்காக வலியோடு கிடக்க விடாதீர்கள். எல்லா மருந்துக் கடையிலும் இது கிடைக்காது. உரிய அனுமதி பெற்ற மருத்துவமனைகள் தரும். 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு நடைமுறையும் எளிதாகியிருக்கிறது. மலச்சிக்கல் வரும் என்பதால் அதற்கான மருந்தையும் சேர்த்துக் கேளுங்கள். வலி வந்த பிறகு அல்ல, சொன்ன நேரத்துக்குக் கொடுக்க வேண்டும்.

படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். இடுப்பின் பின்புறம், குதிகால் சிவந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். இரவும் பகலும் இதைச் செய்பவர் பெரும்பாலும் வீட்டின் மகளோ மருமகளோதான். நோய் விசாரிப்பது சுன்னத். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போய், இன்னாருக்கும் இதே நோய்தான், மவுத்தாகிவிட்டார் என்று கதை சொல்லிவிட்டு வருவதைவிட, இரண்டு மணி நேரம் பக்கத்தில் இருந்து அந்தப் பெண்ணைத் தூங்கவிட்டால் அது பேருதவி.

செவிலியர் வரும்போது டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்கேன் அறிக்கை, இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகள் அனைத்தையும் ஒரே பையில் எடுத்து வையுங்கள். நாட்டு மருந்து கொடுத்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.