ஏதென்ஸில் நிழல் யாருக்கு?

2023 ஜூலையில், வெயில் உச்சத்தில் இருந்த நாட்களில், ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றை நண்பகல் முதல் மாலை வரை மூடினார்கள். பார்க்க வந்தவர்கள் மயங்கி விழக் கூடாதே என்ற கவலை. பயணிகள் ஓட்டல் ஏசிக்குத் திரும்பினார்கள். குன்றுக்கு வடக்கே கிப்செலி, பதிஷியா பகுதிகளில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு அந்த வசதி ஏது?

அந்தப் பகுதிகள் நெருக்கடியானது இப்படித்தான்: இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கிராமத்து மக்கள் தலைநகரில் குவிந்தார்கள். வீட்டுக்காரர் மனையை பில்டரிடம் கொடுத்து, பதிலுக்கு இரண்டு மூன்று ஃபிளாட் வாங்கிக்கொள்ளும் வழக்கம் பரவியது. அரசு அதிகம் செலவழிக்காமலே லட்சக்கணக்கானோருக்கு வீடு கிடைத்தது. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தோட்டங்கள் போயின. இலிஸோஸ் ஆற்றையே மூடி, மேலே சாலை போட்டுவிட்டார்கள். பிறகு வசதியானவர்கள் புறநகருக்குப் போக, தரைத்தளமும் அதற்குக் கீழுள்ள அறைகளும் அல்பேனியா, பாகிஸ்தான், ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்களுக்குக் கைமாறின. குறுகிய தெரு, இருபுறமும் ஆறேழு மாடி. பகலில் வாங்கிய சூட்டைக் கான்கிரீட் இரவெல்லாம் கக்கும். மேல்வீட்டு ஏசி தள்ளும் அனலும் அதே தெருவுக்குள்தான்.

1987 ஜூலை வெப்ப அலையில் கிரேக்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அப்படியும், வெப்பத்தைக் கவனிக்கவே ஓர் அதிகாரியை மாநகராட்சி நியமித்தது 2021-ல்தான். எலேனி மிரிவிலி என்ற அவர், ஐரோப்பாவில் இப்பதவிக்கு வந்த முதல் ஆள். வெயிலையும் வெள்ளம், பூகம்பம் போலப் பேரிடராகவே கருத வேண்டும் என்பது அவர் வாதம்.

வெப்பத்தைத் தணிக்கக் கைகொடுக்க வந்திருப்பது, வேடிக்கையாக, ரோமானியர் வெட்டிய ஒரு கால்வாய். பேரரசர் ஹேட்ரியன் தொடங்கி, கி.பி. 140 வாக்கில் முடிந்த வேலை. பார்னிதா மலையடிவாரத்திலிருந்து லிகாபெட்டஸ் குன்றின் தொட்டிவரை சுமார் 20 கிலோமீட்டர், பெரும்பகுதி சுரங்கம். பம்பு கிடையாது. சரிவே தண்ணீரை இழுத்துவரும். பெரிய அணைகள் வந்தபின் ஊர் அதை மறந்துவிட்டது. தண்ணீர் மட்டும் நிற்கவில்லை. குடிக்க ஆகாது, மரத்துக்கு ஆகும். ஹலாண்ட்ரி புறநகரில் அதைச் செடிகொடிகளுக்குத் திருப்பும் திட்டம் வந்திருக்கிறது.

நல்ல வேலைதான். ஆனால் ஹலாண்ட்ரி ஓரளவு வசதியான ஊர். பழைய தொட்டி இருக்கும் கொலோனாக்கியோ பணக்காரர்கள் பேட்டை. கிப்செலியில், மூடிய ஓடையின் மேல் அமைந்த ஃபோகியோனோஸ் நெக்ரி நடைவீதியில் வரிசையாக மரங்கள் நிற்கின்றன. நெருக்கடியான பக்கத்துத் தெருக்களுக்கும் அத்தகைய நிழல் வேண்டும். அடுத்த மரத்தை மாநகராட்சி அங்கே நடட்டும். புறநகர் கொஞ்சம் காத்திருக்கலாம்.