இதயம் நின்றால் நாம் செய்யத்தக்கது

சில ஆண்டுகளுக்கு முன், நாம் பார்வையிடச் சென்றிருந்த ஒரு சங்கத்தின் மகாசபைக் கூட்டத்தில், மூத்த அங்கத்தினர் ஒருவர் பேசிக்கொண்டிருக்கையிலேயே சாய்ந்துவிட்டார். ஒருவர் முகத்தில் நீர் தெளித்தார், ஒருவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார், மற்றவர்கள் விசிறினர். ஆம்புலன்ஸ் வந்தபோது காலம் கடந்திருந்தது. அங்கே அன்புக்குக் குறைவில்லை. செய்யவேண்டியதை அறிந்தவர்தாம் ஒருவரும் இலர், நாமும் அறிந்திருக்கவில்லை.

அதிராம்பட்டினத்திலிருந்து பட்டுக்கோட்டை ஏறத்தாழ 12 கிலோமீட்டர். 2008 முதல் தமிழகத்தில் 108 ஆம்புலன்ஸ் சேவை நடைபெற்று வருவது பெரும் நன்மையே. ஆயினும், தென்னந்தோப்பிற்கோ வயலுக்கோ வண்டி வந்துசேரச் சிறிது நேரம் ஆகும். இதயம் நின்றவருக்கு உதவியின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை நூற்றுக்கு 7 முதல் 10 பங்கு வரை குறைக்கிறது என்பர் மருத்துவர். ஆகவே முதல் நிமிடங்கள் அருகில் இருப்பவரின் பொறுப்பாகின்றன.

இதனைச் செய்ய மருத்துவப் பட்டம் வேண்டுவதில்லை. மார்பை வெளியிலிருந்து அழுத்தியே இரத்தத்தை ஓடச்செய்யலாம் என்பதை 1960-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையிலிருந்து உலகிற்கு அறிவித்தவர்கள் கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் என்னும் மூவர். இவர்களுள் ஜூட் மட்டுமே மருத்துவர். ஏனைய இருவரும் மின்பொறியியல் துறையினர்.

முறை இதுவே. விழுந்தவரின் தோளைத் தட்டி அழையுங்கள். அசைவில்லை, மூச்சும் இல்லையெனில் உடனே ஒருவரை 108-க்குத் தொலைபேசச் சொல்லுங்கள். விட்டுவிட்டு வரும் திணறலை மூச்சென்று கருதலாகாது. அவரைக் கெட்டியான தரையில் மல்லாத்துங்கள். கயிற்றுக் கட்டிலில் வைத்து அழுத்தினால் கட்டில்தான் அமிழும். மார்பின் நடுவே ஒரு கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மறுகையைக் கோத்து, முழங்கை மடங்காமல் 5 முதல் 6 செண்டிமீட்டர் ஆழம் அழுத்துங்கள். நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்தவேண்டும். ஒவ்வொரு முறையும் மார்பு முழுதும் மேலெழ விடவேண்டும்.

அடிகுழாயில் ஏறிய நீர் கைப்பிடியை விட்டால் இறங்கிவிடுவது போல, அழுத்துவதை நிறுத்தினால் மூளைக்குச் செல்லும் இரத்தமும் தடைப்படும். எனவே 2 நிமிடத்திற்கு ஒருமுறை ஆளை மாற்றியேனும் தொடரவேண்டும். விலா எலும்பு முறியுமோ என அஞ்சுவோர் உளர். முறிந்த எலும்பு கூடும். போன உயிர் மீளாது. பயிற்சி இல்லாதவர்கள் பெரியவர்களுக்கு மார்பை அழுத்தினாலே போதும். நீரில் மூழ்கியவர்க்கும் குழந்தைகட்கும் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுவதும் இன்றியமையாதது. அதனைப் பயிற்சியில் கற்றல் நலம்.

இனி, ஏ.இ.டி. என்னும் மின் அதிர்ச்சிக் கருவி பற்றி ஒரு வார்த்தை. இதயம் நிற்கும்போது பல சமயம் அது முற்றிலும் அசைவற்றுப் போவதில்லை, ஒழுங்கிழந்து நடுங்குகிறது. மின் அதிர்ச்சி அந்நடுக்கத்தை அடக்கி, இயல்பான துடிப்பு மீள வழி செய்கிறது. கருவியை இயக்கியதும் அதுவே பேசி வழிகாட்டும். வியர்வையைத் துடைத்து, ஒரு பட்டையை வலக் காறையெலும்பின் கீழும், மற்றதை இடது அக்குளுக்குக் கீழே விலாப்புறத்திலும் ஒட்டவேண்டும். அதிர்ச்சி தேவையா என்பதைக் கருவியே ஆராய்ந்து கூறும். அவ்வேளையில் எவரும் நோயாளியைத் தொடலாகாது. அதிர்ச்சி தந்தவுடன் மீண்டும் அழுத்தத் தொடங்கவேண்டும்.

சங்கங்களுக்கு நாம் கூற விரும்புவது ஒன்றுண்டு. கருவி விலை மிகுந்தது. அதன் மின்கலத்திற்கும் பட்டைகளுக்கும் காலவரையறை உண்டு. வாங்கி இருப்புப் பதிவேட்டில் ஏற்றிவிட்டு மறந்தால் பயனில்லை. பயிற்சியோ அத்தகையதன்று, கற்ற கைகள் எங்கும் உடன் வரும். அடுத்த மகாசபையன்று ஒரு மணி நேரம் ஒதுக்கி, அருகிலுள்ள அரசு மருத்துவமனையாரை அழைத்து, தறிக்கூடத்திற்கு இருவர், தோப்பிற்கு இருவர் என்று பயிற்றுவியுங்கள். ஆண்டுதோறும் அதனைப் புதுப்பியுங்கள். ஒருவர்க்காக எல்லோரும் என்பதே கூட்டுறவின் கொள்கையாயின், தரையில் வீழ்ந்த அங்கத்தினருக்கு அது முதலில் பொருந்தவேண்டும் அன்றோ?