அம்மை நோய்களும் மாரியம்மன் கம்பமும்

கொங்கு நாட்டில், உடம்பில் அம்மைக் கொப்புளம் கண்டால் ‘அம்மா வந்திருக்கிறாள்’ என்பார்கள். சின்னம்மை, மணல்வாரி எனும் தட்டம்மை, பொன்னுக்குவீங்கி எனும் புட்டாளம்மை எல்லாம் மாரியம்மனின் வரவே என்று நம்பினார்கள். வாசலில் வேப்பிலை செருகி, வீட்டில் தாளிப்பை நிறுத்துவார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகே நோயாளி வெளியே வருவார்.

மாரியம்மன் நோன்பில் மூன்று கிளைக் கம்பம் நடுவார்கள். பெண்கள் அதற்கு மஞ்சள் நீர் ஊற்றி, வேப்பிலை சாத்துவார்கள். கொள்ளைநோய்க் காலத்தை நினைவூட்டும் பிளேக் மாரியம்மன் கோவையில் இருக்கிறாள். 2021-ல் இருகூரில் கொரோனா தேவிக்கும் சிலை வைத்தார்கள்.

வழிபாடு ஒருபுறம் இருக்க, தடுப்பூசியால் பெரியம்மை ஒழிந்ததென 1980-ல் உலக சுகாதார அமைப்பு அறிவித்தது. தட்டம்மைத் தடுப்பூசி ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். குழந்தைகளுக்குத் தவறாமல் போடுங்கள்.