குட்டி வேண்டுமென்றா செய்கிறது?

சில மாதங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை, சபைகூடல் முடிந்து வகுப்புக்குப் போகும் வழியில் படிவம் 2 மாணவன் ஒருவன் என்னை நிறுத்தினான். கண்ணில் தூக்கம் அப்படியே இருந்தது.

“டீச்சர், நாய்க்குட்டிக்கு டாய்லெட் பழக்கம் எத்தனை நாள்ல வரும்?”

“ஏன்பா?”

“அப்பா ஒரு வாரம்தான் டைம் கொடுத்திருக்காரு. என் மெத்தையில ஒண்ணுக்குப் போயிடுது. வேணும்னே செய்யுதாம். திருந்தலன்னா பாசார் பக்கம் கொண்டுபோய் விட்டுடுவாராம்.”

குட்டிக்கு எத்தனை வயது என்று கேட்டேன். கொடுத்தவர் இரண்டு மாதம் என்றாராம். ஆனால் நாலு அடி நடந்தால் ஒரு தடவை விழுகிறது, உணவுத் தட்டில் முகத்தை அப்படியே முக்கிவிடுகிறது என்று அவன் சொன்னதும் எனக்குச் சந்தேகம் வந்தது. கால்நடை மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். அவர் முதலில் பார்த்தது பல்லை. நாய்க்குட்டியின் பால் பற்கள் மூன்றாவது வாரம் முதல் ஆறாவது வாரம்வரை வரிசையாக முளைக்கும். இந்தக் குட்டிக்குக் கோரைப் பற்கள் அப்போதுதான் எட்டிப் பார்த்தன. வயது நான்கு வாரம்தான்.

அந்த நான்கு வாரத்தில் என்ன நடந்திருக்கும், என்ன நடக்காமல் போயிருக்கும் என்று தெரிந்தால், “வேணும்னே செய்யுது” என்ற பேச்சு எவ்வளவு தவறு என்று உங்களுக்கே புரிந்துவிடும்.

பிறந்த நாய்க்குட்டியால் தானாகச் சிறுநீரோ மலமோ கழிக்க முடியாது. தாய் நாய் குட்டியின் அடிவயிற்றையும் வாலுக்குக் கீழேயும் நக்கும். அந்தத் தொடுகை நரம்பு வழியாகத் தண்டுவடத்துக்குப் போய், அங்கிருந்து சிறுநீர்ப்பைக்கும் குடலுக்கும் கட்டளை திரும்பும். பாடத்தில் படிக்கும் அனிச்சைச் செயல்தான் இது. வெளிவருவதையும் தாயே விழுங்கிவிடும். கேட்க அருவருப்பாக இருக்கலாம். ஆனால் அதனால்தான் பிறந்த குட்டிகள் கிடக்கும் இடம் நாறாமல் இருக்கிறது. தாயை இழந்த பச்சைக் குட்டிகளை வளர்ப்பவர்கள், வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஒவ்வொரு பாலூட்டலுக்கும் பிறகு இதே வேலையைச் செய்கிறார்கள்.

ஏறக்குறைய மூன்றாவது வாரத்தில் குட்டி தானாகக் கழிக்கத் தொடங்குகிறது. கண் திறந்து, காது கேட்டு, கால் ஊன்றத் தொடங்கும் காலமும் அதுதான். அப்போது குட்டிகள் படுக்கும் இடத்தைவிட்டுத் தள்ளாடியபடி சற்றுத் தள்ளிப் போய்க் கழிக்கின்றன. படுத்த இடத்தை அசுத்தம் செய்யாத இந்த இயல்பை அவற்றுக்கு யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. அடுத்த சில வாரங்களில் தாயின் பின்னாலும் உடன்பிறந்த குட்டிகளின் பின்னாலும் ஓடி, அவை போகும் இடத்திலேயே போய்ப் பழகும். எட்டு, ஒன்பது வாரம் ஆகும்போது ‘காலுக்குக் கீழே இப்படி இருந்தால்தான் கழிப்பேன்’ என்ற விருப்பம் படியத் தொடங்கும். புல்லில் பழகியது புல்லைத் தேடும், மண்ணில் பழகியது மண்ணைத் தேடும்.

நம் மாணவனின் குட்டி இந்தப் பாதையின் நடுவில் தூக்கிவரப்பட்டது. பின்தொடரத் தாய் இல்லை, புல்லும் இல்லை. வழுக்கும் டைல்ஸ் தரையும் ஒரு மெத்தையும்தான் இருந்தன. மெத்தை மெத்தென்று இருக்கிறது, ஈரத்தையும் உடனே உறிஞ்சிவிடுகிறது. குட்டியின் பக்கமிருந்து பார்த்தால் அது நல்ல தேர்வு! இப்படியே விட்டிருந்தால் எட்டாவது வாரத்தில் மெத்தைதான் அதன் கழிப்பறை ஆகியிருக்கும்.

இன்னொன்று, அடக்கிவைத்துக்கொள்ளும் ஆற்றல். சிறுநீர்ப்பையின் வாயிலில் இருக்கும் சுருக்குத் தசையை மூளை கட்டுப்படுத்த வேண்டும். அந்த நரம்பு இணைப்புகள் முதிர மாதக்கணக்கில் ஆகும். உங்கள் தம்பியோ தங்கையோ இரண்டு வயதுவரை பேம்பர்ஸோடு வீட்டைச் சுற்றி வந்தபோது யாரும் ஒரு வாரம் கெடு வைத்திருக்க மாட்டார்கள்.

“ஆனா டீச்சர், தப்பு செஞ்சது அதுக்கே தெரியுது. அப்பாவைப் பார்த்தா தலையைத் தொங்கப்போட்டு மூலைக்குப் போயிடுது” என்றான் அவன். நாய் வளர்க்கும் பலரும் இதைச் சொல்வார்கள். இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார் அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ். 2009-இல் வெளிவந்த அவரது ஆய்வில் 14 நாய்கள் பங்கெடுத்தன. தின்பண்டத்தைத் தொடக்கூடாது என்று நாய்க்குச் சொல்லிவிட்டு உரிமையாளர் அறையைவிட்டு வெளியேறுவார். திரும்பி வந்ததும், நாய் தின்றுவிட்டது அல்லது தின்னவில்லை என்று அவரிடம் சொல்லப்படும். அந்தத் தகவல் சில முறை உண்மை, சில முறை பொய். விளைவு என்ன தெரியுமா? அந்தக் ‘குற்றவாளி முகம்’ உரிமையாளர் திட்டும்போது அதிகம் தெரிந்தது. நாய் உண்மையில் தின்றதா இல்லையா என்பதற்கும் அதற்கும் தொடர்பு இருக்கவில்லை. தின்னாமலேயே திட்டு வாங்கிய நாய்கள்தான் இன்னும் அதிகமாக அந்த முகத்தைக் காட்டின.

ஆகவே, நாம் குற்ற உணர்வு என்று நினைப்பது நம் கோபத்தைக் கண்ட பயம். நாய்க்குட்டி ஒரு செயலையும் அதன் விளைவையும் இணைத்துக் கற்பது, இரண்டும் சில வினாடிகளுக்குள் நடந்தால்தான். பத்து நிமிடம் கழித்து மூக்கை ஈரத்தில் தேய்த்தால், ‘இந்த மனிதர் வந்தால் ஆபத்து’ என்றுதான் அது கற்கும். பிறகு நீங்கள் பார்க்கும்போது கழிக்காது. சோபாவின் பின்னால் ஒளிந்து கழிக்கும். வெளியே கூட்டிப்போனாலும் உங்கள் முன் அடக்கிக்கொள்ளும். மூக்கைத் தேய்க்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை.

சரி, என்ன செய்வது? தாய் நாய் இருக்கும் இடம் தெரிந்தால், குட்டியை எட்டு வாரம்வரை தாயிடமே திருப்பி விடுவதுதான் மிகச் சிறந்தது. இந்தக் குட்டிக்கு அந்த வழி இல்லை, தாயை யாரும் பார்க்கவில்லை. எனவே மாணவனிடம் குறிப்புப் புத்தகம் ஒன்றைத் தொடங்கச் சொன்னேன். குட்டி எப்போது விழித்தது, தின்றது, விளையாடியது, கழித்தது என நேரத்தை மட்டும் எழுத வேண்டும். மூன்றே நாளில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. விழித்தவுடன் ஒரு முறை, தின்று முடித்த சிறிது நேரத்தில் ஒரு முறை, விளையாட்டின் நடுவே ஒரு முறை.

தின்றபின் வருவதற்குக் காரணம் உண்டு. இரைப்பை நிறைந்து விரிந்ததும் பெருங்குடலின் அசைவு கூடும். அதனால் குட்டிகள் பெரும்பாலும் தின்ற 5 முதல் 30 நிமிடங்களுக்குள் கழித்துவிடும். இந்த நேரங்களில், கெட்டது நடப்பதற்கு முன்பே, குட்டியைத் தூக்கிக் குறித்த இடத்தில் விட வேண்டும். கழித்து முடித்த அதே நொடியில் மெல்லிய குரலில் பாராட்டி, ஒரு துளி உணவு தர வேண்டும். வீட்டுக்குள் வந்தபிறகு கொடுத்தால் வீட்டுக்குள் வந்ததற்கான பரிசு என்றாகிவிடும். நான்கு வாரக் குட்டி விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு முறையாவது, இரவில் இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை என்று கணக்கு. அவன் கண்ணில் தூக்கம் தொங்கியதில் வியப்பில்லை.

குறித்த இடம் எது? தாமான் பூங்காப் புல்வெளி வேண்டாம். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கும். குட்டிக்கு முதல் தடுப்பூசியே 6 முதல் 8 வாரத்தில்தான், அதன்பின் தொடர் ஊசிகளும் உண்டு. எனவே வீட்டுக்குள் ஒரு சிறிய தடுப்புப் போட்டு, ஒரு பக்கம் படுக்கை, மறுபக்கம் பழைய நாளிதழ் விரிப்பு. (நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தப் பக்கத்தின் எதிர்காலமும் அதுவாக இருக்கலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.) வேறு நாய்கள் வராத சொந்த முற்றத்துப் புல்லை ஒரு தட்டில் வைத்து நாளிதழின் நடுவில் வைத்தால், பிற்பாடு புல்லுக்கு மாற்றுவது சுலபம். ஓர் எச்சரிக்கை: தாளில் பழகிய குட்டிக்கு எல்லாத் தாளும் ஒன்றுதான். வீட்டுப்பாடத்தைத் தரையில் வைக்காதீர்கள்.

மாணவன் குட்டிக்குக் கொடுத்துவந்தது டின் பாலைக் கரைத்த தண்ணீர். நாயின் பாலில் பசும்பாலைவிடப் புரதமும் கொழுப்பும் ஏறக்குறைய இரு மடங்கு, லாக்டோஸ் சர்க்கரை குறைவு. பசும்பாலின் லாக்டோஸைச் செரிக்க முடியாமல் குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு வரும். வயிறு கலங்கிய குட்டிக்கு எந்தப் பயிற்சியும் ஏறாது. நாய்க்குட்டிகளுக்கென்று விற்கும் பால்மாவும், அதில் ஊறவைத்த குட்டி உணவும் கொடுக்கத் தொடங்கியபின்தான் குறிப்புப் புத்தகத்தில் நேரங்கள் சீரடைந்தன. வாந்தி, இரத்தம் கலந்த மலம், சோர்வு இருந்தால் புத்தகத்தை மூடிவிட்டு உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

துடைப்பதிலும் வேதியியல் இருக்கிறது. சிறுநீரில் உள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது அமோனியா உண்டாகிறது. அமோனியா கலந்த தரைத் திரவத்தால் துடைத்தால் குட்டிக்கு அது ‘இங்கேதான் போக வேண்டும்’ என்ற அறிவிப்புப் பலகை. பிளீச்சை ஊற்றுவது அதைவிட மோசம். அதிலுள்ள சோடியம் ஹைப்போகுளோரைட் அமோனியாவோடு சேர்ந்தால் குளோரமீன் என்ற நச்சு வாயு வரும். செல்லப் பிராணிக் கடைகளில் நொதி கலந்த திரவம் கிடைக்கிறது. நாற்றம் தரும் பொருள்களை நொதிகள் சிதைத்துவிடும், போத்தலில் எழுதியிருக்கும் நேரம்வரை ஊறவிட வேண்டும்.

சீக்கிரம் பிரிந்த குட்டிகளுக்குப் பிற்காலத்திலும் சிரமம் இருக்கலாம். 2011-இல் வெளிவந்த ஓர் இத்தாலிய ஆய்வு, 30 முதல் 40 நாளில் பிரிக்கப்பட்ட நாய்களையும் 60 நாளில் பிரிக்கப்பட்டவற்றையும் ஒப்பிட்டது. முன்னவற்றில் பயம், அளவுமீறிய குரைப்பு, பொருள்களை நாசம் செய்தல் ஆகியவை அதிகம் என்று உரிமையாளர்கள் தெரிவித்தனர். உரிமையாளர்கள் சொன்னதைத் திரட்டிய ஆய்வு இது. காரணத்தை இது மட்டுமே நிரூபித்துவிடாது என்று என் வகுப்பு மாணவர்கள் கையைத் தூக்குவார்கள், தூக்கவும் வேண்டும்.

அந்த ஒரு வாரக் கெடு? மாணவன் குறிப்புப் புத்தகத்தை அப்பாவிடம் காட்டினான். கெடு ஒரு மாதமாக நீண்டது. ஒன்பதாவது வாரத்தில் பகலில் தவறு அநேகமாக நின்றது. இரவில் இன்னமும் எப்போதாவது நடக்கிறது. போன வாரம் புத்தகத்தைப் பார்த்தேன். அதிகாலை 5.10 மணிக் குறிப்புகள் எல்லாம் வேறு கையெழுத்தில் இருந்தன.

“அது அப்பா எழுதுறது டீச்சர். வேலைக்குப் போறதுக்கு முன்னாடி அவர்தான் தூக்கிட்டுப் போறாரு.”